கரும்பலகை யார் கையில்?

ஒரு கடிதம். டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு எழுதப்பட்டது. எழுதியவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியை. கிங்கின் அமைப்பிலேயே பொறுப்பு வகித்தவர். "எந்த ஊரில் ஊர்வலம் நடந்தாலும் தாங்களே முன்னால் நடக்க வேண்டாம், அந்தந்த ஊரில் தலைமை தாங்கத் தக்கவர்களை உருவாக்குங்கள், அவர்கள் நடத்தட்டும்" என்பது கடிதத்தின் சாரம். நிர்வாகிகள் கூட்டத்தில் கிங் அதைப் படித்துக் காட்டினார்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்!

சிரித்தவர்கள் யார்? நிறவெறி பிடித்த வெள்ளையரா? முகமூடி போட்டுக்கொண்டு குடிசைக்குத் தீ வைக்கும் கூட்டமா? அல்ல, தோழர்களே, அல்ல. தடியடி பட்டவர்கள், சிறை கண்டவர்கள், விடுதலைக்காக உயிரையே பணயம் வைத்தவர்கள். அத்தகையவர்கள்தாம் சிரித்தார்கள். ஒரு பெண்பிள்ளை, அதிலும் பள்ளிக்கூடத்து ஆசிரியை, தலைவருக்கு யோசனை சொல்வதா என்ற நினைப்பு. இந்த ஒரு சிரிப்பை முன்னிட்டே இன்று இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தோம்.

கடிதம் எழுதியவர் பெயர் செப்டிமா கிளார்க். கிங் பெயரை அறியாத தோழர் நம்மில் இல்லை. பேருந்தில் வெள்ளையனுக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ் பெயரும் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த ரோசா பார்க்ஸ், பேருந்தில் உட்கார்ந்தே நின்று காட்டிய அந்த 1955 டிசம்பருக்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு பயிற்சி முகாமில் மாணவியாக அமர்ந்திருந்தார். அங்கே பாடம் நடத்தியவர் செப்டிமா கிளார்க் அம்மையார். மாணவியை உலகம் அறியும், ஆசிரியையை அறியாது. ஏன் அறியாது என்பதற்கு விடை அந்தச் சிரிப்பிலே இருக்கிறது.

அம்மையார் 1898 மே 3-ம் நாள் தென் கரோலினா ராஜ்யத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். துறைமுக நகரம். அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்கள் எத்தனையோ கரை ஒதுங்கிய இடம். தாயார் சலவைத் தொழில் செய்து குடும்பத்தைத் தாங்கியவர். தந்தை அடிமையாகப் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோது அவருக்கு இட்ட வேலை என்ன தெரியுமா? எசமானின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது புத்தகங்களைச் சுமந்துகொண்டு கூடவே போவது! புத்தகத்தைச் சுமக்கலாம், திறக்கக் கூடாது. வாசல் வரை போகலாம், உள்ளே நுழையக் கூடாது. அந்த வாசலில் நின்ற பையனின் மகள்தான் பின்னாளில் பல்லாயிரம் பேருக்கு எழுத்தறிவித்த தலைவியானார்.

அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. அதனால் என்ன? சார்ல்ஸ்டன் நகரத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் பள்ளிகள் இருந்தன. ஆனால் அங்கே பாடம் சொல்லித் தர வெள்ளையரைத்தான் அமர்த்தினார்கள். தம்மிடம் படிக்கும் கறுப்புக் குழந்தை தெருவிலே தம்மைக் கண்டு வணக்கம் சொல்வதைக்கூட இழுக்காகக் கருதிய ஆசிரியைகள் இருந்தார்கள். வகுப்புக்குள் அரிச்சுவடி, வெளியே அவமானம். அந்தக் குழந்தை எந்தப் பாடத்தை முதலில் கற்றுக்கொள்ளும்? சிந்தித்துப் பாருங்கள்.

1916-ல், பதினெட்டு வயதில், ஆசிரியைப் படிப்பு முடித்து வெளியே வந்தார் செப்டிமா. பிறந்த நகரத்தில் வேலை இல்லை என்பது சட்டம். ஆகவே படகேறி ஜான்ஸ் தீவுக்குப் போனார். பருத்தித் தோட்டங்களும் சேறும் நிறைந்த தீவு. அங்கே அவரும் இன்னொரு ஆசிரியையுமாக இரண்டே பேர். பிள்ளைகள் 132 பேர். தலைமை ஆசிரியை என்ற பெயரில் அவருக்கு மாதச் சம்பளம் 35 டாலர், உதவி ஆசிரியைக்கு 25 டாலர். எதிர்ப்புறம் வெள்ளையர் பள்ளி. அங்கே எத்தனை பிள்ளைகள்? மூன்று! மூன்றே மூன்று! அந்த மூவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியைக்குச் சம்பளம் 85 டாலர்.

கூலிக் கணக்குப் போட்டுப் பழகிய தோழர்கள் இதையும் போட்டுப் பார்க்கட்டும். ஒரு வெள்ளைப் பிள்ளைக்காக ஆசிரியருக்குச் சர்க்கார் கொடுத்தது மாதம் 28 டாலருக்கு மேல். ஒரு கறுப்புப் பிள்ளைக்காகக் கொடுத்தது அரை டாலருக்கும் குறைவு. நீதி, சமத்துவம் என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தாலே போதும்.

புத்தகம் போதாது. அம்மையார் என்ன செய்தார்? சலவைக் கடைக் காகிதப் பைகளைப் பிரித்து விரித்தார். தீவுப் பிள்ளைகள் நடந்து வரும் பாதை, அவர்கள் வயலில் விளைவது, அவர்கள் அன்றாடம் காண்பது, இவற்றையே கதையாக அந்தக் காகிதத்தில் எழுதி மாட்டினார். பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படித்தார்கள். இரவிலே பெரியவர்கள் வந்தார்கள். தங்கள் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும், அதற்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடு தாயே என்று கேட்டு வந்த உழைப்பாளிகள்! பகலெல்லாம் 132 பிள்ளைகளோடு மன்றாடிய அந்தப் பெண் அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் அவர் கட்டியெழுப்பிய இயக்கத்துக்கு வித்து விழுந்தது அந்த இரவுகளில்தான்.

1919-ல் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பினார். என்.ஏ.ஏ.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கறுப்பின மக்கள் உரிமைச் சங்கம் அப்போது அங்கே கிளை கண்டிருந்தது. கறுப்புப் பிள்ளைகளின் பள்ளியில் கறுப்பின ஆசிரியர்களை அமர்த்து என்பது கோரிக்கை. ஆள்வோர் ஒரு சாமர்த்தியமான பதில் வைத்திருந்தார்கள்: "இது படித்த மேல்தட்டுக் கறுப்பர்களின் ஆசை, சமையல்காரிகளும் சலவைக்காரிகளும் இதைக் கேட்கவில்லையே" என்றார்கள். எங்கேயோ கேட்ட குரல் போல இருக்கிறதல்லவா? உழைப்பவன் பெயரைச் சொல்லியே உழைப்பவன் உரிமையை மறுப்பது! சலவைக்காரியின் மகள் விடுவாரா? வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அந்தச் சமையல்காரிகளிடமும் சலவைக்காரிகளிடமுமே ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி வந்து குவித்தார்கள். 1920-ல் சார்ல்ஸ்டன் நகரப் பள்ளிகளின் கதவு கறுப்பின ஆசிரியர்களுக்குத் திறந்தது.

சொந்த வாழ்வில் சோகம் தொடர்ந்தது. முதற் குழந்தை இறந்தது. கடற்படையில் சமையல் வேலை பார்த்த கணவர் 1925-ல் மறைந்தார். மகனைக் கணவரின் பெற்றோரிடம் விட்டு வளர்க்க வேண்டிய நிலை. ஆசிரியைச் சம்பளம் அவ்வளவு தாராளம்! பிறகு கொலம்பியா நகரில் பதினெட்டு ஆண்டுகள் பணி. ஒரே பாடம், ஒரே வேலை, ஆனால் நிறத்துக்கு ஒரு சம்பளம் என்ற அநியாயத்தை எதிர்த்து அங்கே வழக்கு எழுந்தது. என்.ஏ.ஏ.சி.பி.யின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் முன்நின்றார். அம்மையாரும் அந்த வேலையில் பங்கு கொண்டார். 1945-ல் தீர்ப்பு ஆசிரியர்கள் பக்கம். அவருடைய சம்பளம் ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. சம வேலைக்குச் சம கூலி என்ற முழக்கத்தைத் தொழிற்சங்க மேடையில்தான் கேட்டிருக்கிறோம். கரும்பலகை அருகிலும் அது ஒலித்திருக்கிறது.

இதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகப் பழி தீர்க்கும் நாள் வந்தது. 1954 மே 17-ம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்று பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. தெற்கத்திய வெள்ளை ஆதிக்கக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். தென் கரோலினா சர்க்கார் 1956-ல் ஒரு சட்டம் செய்தது: என்.ஏ.ஏ.சி.பி.யில் அங்கம் வகிப்பவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கக் கூடாது! ஆசிரியர்களிடம் கேள்வித் தாள் நீட்டப்பட்டது. நீ எந்தச் சங்கத்தில் உறுப்பினர்? எழுது!

செப்டிமா கிளார்க் மறைக்கவில்லை. எழுதினார். வேலை போயிற்று. 1916 முதல் 1956 வரை நாற்பது ஆண்டு உழைப்பு, ஓய்வூதியமும் போயிற்று. வயது ஐம்பத்தெட்டு.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஏனெனில், பின்னர் நடந்ததைக் கூச்சமின்றி வெளியே சொன்னதில்தான் அம்மையாரின் நேர்மை தெரிகிறது. அந்தச் சட்டத்தை எதிர்க்கச் சொல்லிக் கறுப்பின ஆசிரியர்களுக்கு 726 கடிதங்களில் தம் பெயரைக் கையெழுத்திட்டு அனுப்பினார். பதில் போட்டவர் 26 பேர். அதிகாரியை நேரில் கண்டு பேச வருகிறோம் என்றவர் 11 பேர். அந்த நாளன்று வந்து நின்றவர் 5 பேர்! அவருக்குப் பாராட்டு விழா எடுத்த பெண்கள் சங்கத்துத் தோழிகளே அவர் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள அஞ்சினார்கள். படம் பத்திரிகையில் வந்தால் தங்கள் வேலையும் போய்விடுமே!

கோழைகள் என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். வேலைநிறுத்தக் காலத்தில் வீட்டு வாடகையும் பிள்ளையின் பாலும் கண்முன் வந்து நிற்பதை அறிந்தவர்கள் ஏசமாட்டார்கள். அம்மையாரும் ஏசவில்லை. குற்றம் தம்முடையது என்றார். மக்கள் தயாராகும் முன்பே அவர்களைப் பிடித்துத் தள்ளப் பார்த்தேன். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து நான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அவர் கண்ட பாடம். தோல்வியை இப்படிக் கணக்கெழுதிப் பார்க்கும் தலைவர்கள் எத்தனை பேர்? நம் மேடைகளில் தோல்விக்குப் பொறுப்பு எப்போதும் அடுத்த வட்டத்துக்காரருடையது!

டென்னசி ராஜ்யத்தின் மாண்டீகிள் என்ற மலையூரில் ஹைலாண்டர் என்றொரு பள்ளி இருந்தது. மைல்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளையர் 1932-ல் தொடங்கியது. சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் வந்து தங்கி, தங்கள் சங்கத்தைத் தாங்களே நடத்தக் கற்றுக்கொண்ட இடம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உண்டார்கள், ஒரே கூரையின் கீழ் உறங்கினார்கள். அந்த நாட்டின் தெற்கிலே அதுவே மகத்தான குற்றம். சார்ல்ஸ்டன் சுருட்டுத் தொழிற்சாலையில் 1945-46-ல் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் மறியலின்போது பாடிய பாட்டு இந்தப் பள்ளிக்குத்தான் வந்து சேர்ந்தது. "நாம் வெல்வோம்" என்று இன்று உலகெங்கும் ஒலிப்பது அந்தப் பாட்டின் வழிவந்ததே. வேலை பறிபோன செப்டிமா அம்மையாரை ஹைலாண்டர் பள்ளி பயிற்சி வகுப்புகளின் இயக்குநராக ஏற்றுக்கொண்டது.

இப்போது மறுபடியும் ஜான்ஸ் தீவு. அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்றொருவர். தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகும் மக்களைப் பேருந்தில் ஏற்றிச் செல்பவர். பயணம் போகிற நேரத்தில் வாக்குரிமைச் சட்டத்தைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் ராஜ்ய அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன் படித்துக் காட்ட வேண்டும். பருத்தி எடுத்த கைக்கு எழுத்து ஏது? பயணிகளில் ஆலிஸ் வைன் என்ற அம்மையார், காதால் கேட்டுக் கேட்டே அந்தப் பகுதியை மனப்பாடம் செய்துவிட்டார். ஆனாலும் அவருக்கு நிறைவில்லை. ஒப்பிப்பது வேண்டாம், உண்மையாகவே படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றார்.

அந்த வேண்டுகோளிலிருந்து பிறந்ததுதான் குடியுரிமைப் பள்ளி. ஹைலாண்டர் கடன் கொடுத்தது. தீவு மக்கள் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்புறம் கூட்டுறவுக் கடை, பின்புறம் வகுப்பு. தெருவில் போகிற வெள்ளையர் பார்த்தால் சர்க்கரையும் மளிகையும் வாங்க வந்த கூட்டம் என்று தோன்றும். வாக்குரிமை கற்க வந்த கூட்டம் என்று தோன்றாது.

ஆசிரியர் யார்? இங்கேதான் அம்மையாரின் அரசியல் அறிவு சுடர் விடுகிறது. பட்டம் பெற்ற ஆசிரியர் எவரையும் அவர் தேடவில்லை. தம் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சனைப் பிடித்தார். அவர் தலை அலங்காரம் செய்பவர், தையலும் தெரிந்தவர். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாதே என்று பெர்னிஸ் மறுத்தார். அதனால்தான் நீ வேண்டும் என்பது பதில்!

ஏன்? இரண்டு காரணம். சர்க்கார் ஆசிரியர் வந்தால் வேலை போகும். தலை அலங்காரம் செய்பவரை யார் வேலையிலிருந்து நீக்க முடியும்? அவரிடம் வருபவர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். வெள்ளை எசமானின் தயவில் அவர் அடுப்பு எரியவில்லை. வயிற்றைப் பிடித்து மிரட்ட முடியாத இடத்திலிருந்து ஆளை எடுக்க வேண்டும் என்ற நுட்பம் இது. சங்கம் கட்டியவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இரண்டாவது காரணம், பட்டம் பெற்றவர் அறுபது வயதுக் கிழவியைக் குழந்தையாக நடத்துவார். பெர்னிஸ் நடத்தமாட்டார்.

1957 ஜனவரி 7-ம் நாள் இரவு. பதினான்கு பேர் வந்தார்கள். பெர்னிஸ் முதலில் சொன்னது, நான் உங்களுக்கு ஆசிரியை அல்ல, நாம் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்பதே. சின்னப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைத்தான் முதலில் கொண்டுபோயிருந்தார். பார்த்த மாத்திரத்தில் பொருந்தாது என்று தெரிந்தது, தூக்கி வைத்துவிட்டார். உங்களுக்கு எது தேவை என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும் என்றார்கள். தூரத்தில் வேலை செய்யும் பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், தபாலில் சாமான் வரவழைக்கும் தாளைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. அதோடு வாக்காளர் பதிவுத் தாள், அரசியல் சட்டப் பகுதி. சுவரிலே ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி வைத்து, வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்றார்.

ஒரு நாள் கரும்பலகையில் எல்லோர் பெயரையும் எழுதி, யாருக்குத் தம் பெயர் தெரிகிறது என்று கேட்டார். அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் எழுந்து வந்தார். பெர்னிஸின் கையிலிருந்த அளவுகோலைத் தாமே வாங்கிக்கொண்டார். பலகையில் ஓர் இடத்தைத் தொட்டு, இதுதான் என் பெயர் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். உடல் சிலிர்த்தது என்று பெர்னிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நமக்கும் எழுதும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது. அந்த மூதாட்டி அறுபத்தைந்து ஆண்டு காலம் சுமந்த பெயரை அன்றுதான் கண்ணால் கண்டார்!

வகுப்பில் படித்தவர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறின. பக்கத்துத் தீவுகள் தங்களுக்கும் பள்ளி வேண்டும் என்றன. வாட்மலா, எடிஸ்டோ என்று பரவியது. நகரத்தின் வடபுறத்தில் ஒரு தலை அலங்காரக் கடைக்குள்ளேயே வகுப்பு நடந்தது.

பார்த்துக்கொண்டிருப்பார்களா பகைவர்கள்? 1959 ஜூலை 31-ம் நாள் இரவு ஹைலாண்டர் பள்ளியில் போலீஸ் நுழைந்தது. ஹார்ட்டன் ஊரில் இல்லை. பொறுப்பில் இருந்தவர் செப்டிமா அம்மையார். மதுவை வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். மதுவைத் தொட்டறியாத பெண்மணி! அறுபத்தோரு வயது! வழக்கு நிற்கவில்லை, ஆனால் பள்ளியை விடவில்லை. 1961-ல் ஹைலாண்டரின் உரிமத்தைப் பறித்து மூடினார்கள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த இடத்துக்குப் பூட்டு! கறுப்பர் கையில் துப்பாக்கி வந்தால்கூட இவ்வளவு அஞ்சியிருப்பார்களா என்பது நம் சந்தேகம்.

ஆனால் பாடத்துக்குப் பூட்டுப் போட முடியவில்லை. அதே ஆண்டில் குடியுரிமைப் பள்ளித் திட்டம் கிங்கின் தெற்கத்தியக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டின் பொறுப்புக்கு வந்தது. ஜார்ஜியா ராஜ்யத்தில் டார்செஸ்டர் என்ற இடத்தில் பயிற்சி நிலையம். அம்மையாரும், டாரதி காட்டன் என்ற பெண்மணியும், ஆண்ட்ரூ யங் என்ற இளைஞரும் சேர்ந்து நடத்தினார்கள். தெற்கின் பல ராஜ்யங்களிலிருந்தும் வயல் கூலிகளும் வீட்டு வேலைக்காரிகளும் வந்தார்கள். ஒரு வாரம் பயிற்சி; திரும்பிப் போய்த் தங்கள் ஊரில் சமையலறையிலோ மாதாகோயிலிலோ மரத்தடியிலோ வகுப்பு வைத்தார்கள். 1970-க்குள் இப்படிப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஏறத்தாழ 10,000 பேர் என்று கணக்கு.

அவர்களில் ஒருவர் பேனி லூ ஹேமர். மிசிசிப்பிப் பருத்தித் தோட்டத்தில் பதினெட்டு ஆண்டு உழைத்தவர். 1962-ல் வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்தை விட்டு விரட்டப்பட்டார். 1963 ஜூனில் சார்ல்ஸ்டனில் குடியுரிமைப் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில், வினோனா என்ற ஊரில் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள். அடியின் ஊனம் சாகும் வரை அவரை விடவில்லை. மறு ஆண்டு அதே ஹேமர், ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக் குழு முன் நிமிர்ந்து உட்கார்ந்து, தொலைக்காட்சியில் நாடே பார்க்க, அந்த அடியின் கதையைச் சொன்னார். யார் உருவாக்கிய தலைமை இது? ஊருக்கு ஊர் தலைமையை உருவாக்குங்கள் என்று கடிதம் எழுதியவரைக் கண்டு சிரித்தார்களே, அவர் உருவாக்கிய தலைமை!

ஆம், அந்தச் சிரிப்புக்குத் திரும்பி வந்துவிட்டோம். கிங்கின் வலது கரமாக விளங்கிய ரால்ப் அபர்னாதி, இந்த அம்மாள் எதற்காக நிர்வாகக் குழுவில் இருக்கிறார் என்று கூட்டத்திலேயே கேட்பதுண்டு என்று அம்மையார் எழுதியிருக்கிறார். நமக்கு வாக்காளர்களைத் தரும் திட்டத்தை உருவாக்கியவர் அவர் என்று கிங் பதில் சொல்வாராம். 1963 ஆகஸ்டு 28-ம் நாள் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டார்களே, கிங்கின் கனவுப் பேச்சை உலகம் கேட்டதே, அந்த மேடையில் முக்கியப் பேச்சாளர் வரிசையில் ஒரு பெண் கிடையாது. லிட்டில் ராக் நகரப் பள்ளியில் ஒன்பது கறுப்பு மாணவரைச் சேர்க்க 1957-ல் முன்நின்று போராடிய டெய்சி பேட்ஸுக்குக் கிடைத்தது சில வாக்கியங்கள் பேசும் நேரம். 1964-ல் நோபல் பரிசு பெற ஆஸ்லோ சென்றபோது கிங் செப்டிமா அம்மையாரையும் அழைத்துச் சென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிங் அவர் அருமையை அறியாதவர் அல்லர். அறிந்தும், கடிதத்தைப் படித்தபோது எழுந்த சிரிப்பை அவர் அடக்கியதாக நாம் எங்கும் படிக்கவில்லை. மதிப்பதால்தான் இதைச் சொல்கிறோம். அம்மையாரும் கிங்கைக் குறைவாக நினைத்தவர் அல்லர். பெண் சொல்வதைக் கேட்கும் பழக்கம் அந்த ஆண்களுக்கு இருக்கவில்லை, அது இயக்கத்தின் பெரிய பலவீனம் என்றுதான் பிற்காலத்தில் சொன்னார்.

இதை ஏதோ அந்த நாளின் வீட்டுத் தகராறு என்று தள்ளிவிட முடியுமா? விளைவைப் பாருங்கள். 1954 தீர்ப்பு பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கச் சொன்னது. ஆசிரியர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெற்கத்திய அதிகாரிகள் என்ன செய்தார்கள்? பள்ளிகளை இணைக்கிறோம் என்று சொல்லிக் கறுப்பர் பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள், ஆசிரியைகளைத் தெருவில் விட்டார்கள். தலைமை ஆசிரியராக இருந்தவர்களைக் கீழே இறக்கினார்கள். 1954 முதல் 1965 வரை, தெற்கிலும் எல்லையிலும் உள்ள 17 ராஜ்யங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உரிமைப் போரின் வெற்றி நாளிலேயே நடந்த ஆட்குறைப்பு இது! வழக்கு மன்றத்தில் வென்ற இயக்கம், வகுப்பறையில் யார் நிற்பது என்ற கேள்வியைப் போராட்டத்தின் முன்வரிசைக்குக் கொண்டுவரவில்லை. 1919-ல் சலவைக்காரிகளிடம் கையெழுத்து வாங்கியவர்கள் கேட்ட கேள்வி அது.

அந்தக் காயம் ஆறிவிட்டதா? 2020-21-ம் கல்வியாண்டின் கணக்கெடுப்பில் அமெரிக்க சர்க்கார் பள்ளி ஆசிரியர்களில் 100-க்கு 80 பேர் வெள்ளையர்; கறுப்பர் 6 பேர். மாணவர்களில் கறுப்பர் 100-க்கு 15. டென்னசியில், அந்த ஹைலாண்டர் பள்ளி இருந்த அதே ராஜ்யத்தில், பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்புப் பிள்ளைகள், அப்படிப் படிக்காதவர்களைவிட 13 சதவிகிதம் அதிகமாகக் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். ஒரே ஓர் ஆசிரியர்! 38,000 பேரைத் தெருவில் விட்ட நாட்டில், எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கல்லூரி வாசல் அடைபட்டிருக்கும் என்று கணக்குப் போட யாரிடம் ஏடு இருக்கிறது?

செப்டிமா அம்மையார் 1970-ல் கிங்கின் அமைப்பிலிருந்து ஓய்வு பெற்றார். சார்ல்ஸ்டனுக்கே திரும்பினார். எந்தச் சர்க்கார் நாற்பது ஆண்டு உழைப்புக்கு ஓய்வூதியம் இல்லை என்றதோ, அந்தச் சர்க்காரோடு கடைசி வரை வழக்காடினார். 1976-ல் தென் கரோலினாவின் கவர்னர், 1956-ல் அவரை நீக்கியது அநியாயம் என்று ஒப்புக்கொண்டு ஓய்வூதியத்தைத் திரும்ப வழங்கச் செய்தார். இருபது ஆண்டு கழித்து! அந்த இருபது ஆண்டில் அவரோடு நீக்கப்பட்ட எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

அதே காலத்தில் சார்ல்ஸ்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்தல் வந்தது. வெள்ளையர் பள்ளியா கறுப்பர் பள்ளியா, எந்த ஆசிரியரை வைப்பது எவரை நீக்குவது என்று முடிவு செய்த மேசை அது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அம்மையார் தேர்தலில் நின்றார், வென்றார். ஜான்ஸ் தீவிலும் பக்கத்துத் தீவுகளிலும் மணியார்டர் படிவத்தில் எழுத்துக் கற்றவர்களின் பேரப் பிள்ளைகள் அப்போது வாக்குச் சீட்டோடு வரிசையில் நின்ற காலம். இரண்டு தவணை அந்தக் குழுவில் உட்கார்ந்தார். பிறகு 1987 டிசம்பர் 15-ம் நாள், பதினெட்டு வயதில் படகேறிப் போய்ப் பாடம் சொல்லத் தொடங்கிய அதே ஜான்ஸ் தீவில் கண்ணை மூடினார்.